புதரை வெட்டுவது யார் பொறுப்பு?

1285இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் வின்செஸ்டரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். சந்தை ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் இரண்டு பக்கமும் இருநூறு அடி தூரத்துக்குப் புதரோ பள்ளமோ இருக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு ஒருவன் பதுங்கி உட்கார இடமே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். ஓக் போன்ற பெரிய மரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, அடியில் வெட்டவெளியாக இருந்தால் போதும். நிலத்துக்காரர் புதரை வெட்டாமல் விட்டு, அங்கே ஒரு கொள்ளை நடந்துவிட்டால் அதற்கு அவர்தான் பொறுப்பு. கொலை நடந்தால் அரசருக்கு அபராதமும் கட்ட வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னும் சில விதிகள் உண்டு. சுவர் சூழ்ந்த ஊர்களின் வாசல்கள் பொழுது சாய்ந்ததிலிருந்து பொழுது விடியும்வரை மூடியிருக்க வேண்டும். கோடைக்கால இரவுகளில் ஊர்க்காரர்களே முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும். கள்வனைக் கண்டால் கூச்சல் போட வேண்டும், கூச்சல் கேட்டவர்கள் எல்லாம் ஓடிவர வேண்டும். கள்வனைப் பிடித்துக் கொடுக்க முடியவில்லை என்றால், பறிபோனதற்கு அந்த வட்டாரமே சேர்ந்து ஈடு கட்ட வேண்டும்.

எழுநூறு வருஷத்துக்கு முந்தைய இந்தச் சட்டத்தைப் படித்தபோது என்னை நிறுத்தியது அந்தப் புதர்தான். கள்வன் யார் என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, அவன் ஒளிய இடம் விட்டது யார் என்ற கேள்வியையும் அது கேட்கிறது. முதல் கேள்வி போலீஸுக்கு உரியது. இரண்டாவது கேள்வி இன்று நாம் உள்ளாட்சி என்று சொல்வதற்கு உரியது. தெருவிளக்கு, உடைந்த வீட்டுக் கதவு, மதுக்கடை மூடும் நேரம், கடைசிப் பேருந்து புறப்படும் நேரம் எல்லாம் அந்த வகைப் புதர்கள்தான். 1285இல் இரண்டு கேள்விகளும் ஒரே தாளில் இருந்தன. பிறகு தனித்தனியாகப் பிரிந்தன. அவற்றை மறுபடி ஒரே மேசைக்குக் கொண்டுவர இங்கிலாந்துக்கு 1998 வரை ஆனது. சேர்த்துவைத்த பிறகும் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நமக்கும் இது அந்நியமான யோசனை இல்லை. மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் காவல் முறை இருந்த காலத்தில் ஊர்க் காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. பதிலுக்கு, களவு போன பொருளை அவர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அந்த முறைக்கு ஒரு அசிங்கமான பக்கமும் இருந்தது. மாட்டைத் திருடியவனும் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு மாட்டைக் காட்டிக் கொடுப்பவனும் ஒரே ஆளோ என்று ஊர் சந்தேகப்படும் நிலை வந்தது. ஊரே காவலை வைத்துக்கொள்வதில் இருக்கும் நன்மை, தீமை இரண்டும் அதில் தெரிகிறது. காவல்காரர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும், சரி. ஆனால் ஊரில் செல்வாக்கு உள்ளவனுக்குத்தான் பதில் சொல்வார் என்றால் என்ன செய்வது?

*

1829இல் உள்துறை அமைச்சராக இருந்த ராபர்ட் பீல் லண்டனுக்குச் சம்பளம் வாங்கும், சீருடை போட்ட ஒரு போலீஸ் படையை உருவாக்கினார். அந்தப் படை லண்டனின் எந்த உள்ளாட்சிக்கும் கட்டுப்பட்டதில்லை, நேரே உள்துறை அமைச்சருக்குக் கட்டுப்பட்டது. அந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டு வரை நீடித்தது.

லண்டனுக்கு வெளியே கதை வேறு. 1835இல் வந்த நகராட்சிச் சட்டம் 178 நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களை அமைத்தது. ஒவ்வொரு மன்றமும் தன் உறுப்பினர்களிலிருந்து ஒரு 'வாட்ச் கமிட்டி' அமைக்க வேண்டும், அந்தக் கமிட்டிதான் போலீஸாரை வேலைக்கு எடுக்கும், சம்பளம் கொடுக்கும், வேண்டாம் என்றால் வீட்டுக்கு அனுப்பும். ஊர்க் கவுன்சிலர்கள் போலீஸ் தலைவரைக் கூப்பிட்டு, இந்தத் தெருவில் ஏன் ஆள் இல்லை என்று கேட்கலாம். 1890இல் லிவர்பூல் வாட்ச் கமிட்டி ஊரில் உள்ள விபச்சார விடுதிகள் மீது நடவடிக்கை எடு என்று போலீஸ் தலைவருக்கு நேரடியாக உத்தரவே போட்டது. அவருக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் செய்தார்.

இன்றைக்கு இதைப் படிக்கும்போது ஜனநாயகம் மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தக் கமிட்டிகளில் யார் உட்கார்ந்தார்கள்? கடை வைத்திருப்பவர்கள், ஆலை முதலாளிகள், பல ஊர்களில் மது வியாபாரிகள். மதுக்கடை மீது போலீஸ் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதை மதுக்கடைக்காரரே முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1856இல் இங்கிலாந்து எல்லா மாவட்டங்களிலும் போலீஸ் படை இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. நகரங்களில் மட்டும் வாட்ச் கமிட்டிகளின் அதிகாரம் தொடர்ந்தது. மூன்று வருஷம் கழித்து, 1859இல், சென்னை மாகாணத்துக்குத் தனி போலீஸ் சட்டம் வந்தது. அதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது லிவர்பூலையோ லண்டனையோ இல்லை, அயர்லாந்தை. மேலிருந்து கட்டளை வரும், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லாத, பாதி ராணுவம் போன்ற அமைப்பு அது. 1861இல் இந்தியா முழுமைக்கும் வந்த போலீஸ் சட்டமும் அந்தப் பாதையிலேயே போனது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. 1992இல் நகராட்சிகளுக்கு அதிகாரம் தரும் 74ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வந்தபோது, அவற்றுக்கு ஒப்படைக்கக்கூடிய 18 பொறுப்புகளின் பட்டியலில் தெருவிளக்கு இருந்தது, போலீஸ் இல்லை. நம் ஊரில் ஒரு கவுன்சிலர் இன்ஸ்பெக்டரிடம் கணக்குக் கேட்பது ஏன் கற்பனைக்கே எட்டவில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் இது. அதே அரசாட்சி, அதே பத்தாண்டு. தன் ஊருக்கு ஒரு முறை, ஆளப்படுபவர்களுக்கு இன்னொரு முறை.

*

இங்கிலாந்தில் வாட்ச் கமிட்டியின் முடிவு நாட்டிங்ஹாமில் ஆரம்பித்தது. 1959இல் அங்கே போலீஸ் தலைவராக இருந்தவர் அதல்ஸ்டன் பாப்கெஸ். நகர மன்ற உறுப்பினர்கள் சிலர் மீது ஊழல் புகார் வந்து, அதை விசாரிக்க ஏற்பாடு செய்தார். விசாரணையைப் பற்றி எங்களுக்கு அறிக்கை கொடு என்றது வாட்ச் கமிட்டி. யார் மீது விசாரணையோ அந்த மன்றத்தின் கமிட்டியே கேட்கிறது! அவர் கொடுக்க மறுத்தார். கமிட்டி அவரை இடைநீக்கம் செய்தது. உள்துறை அமைச்சர் பட்லர் தலையிட்டு அவரைத் திரும்ப வேலையில் உட்கார வைத்தார். அந்த வருஷக் கடைசியில் பாப்கெஸ் ஓய்வு பெற்றார்.

இதுவும் இன்னும் சில சர்ச்சைகளும் சேர்ந்து ஒரு அரச ஆணையத்தில் முடிந்தன. 1964இல் புதிய போலீஸ் சட்டம் வாட்ச் கமிட்டிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் வந்த போலீஸ் ஆணையங்களில் மூன்றில் இரண்டு பங்கு கவுன்சிலர்கள், ஒரு பங்கு மாஜிஸ்திரேட்டுகள். பணம், கட்டடம், வண்டி எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள். யாரைப் பிடிப்பது, எப்படி ரோந்து போவது என்பது போலீஸ் தலைவரின் தனி முடிவு. ஊழல் கவுன்சிலரிடமிருந்து போலீஸைக் காப்பாற்றியாகிவிட்டது, நல்லதுதான். கூடவே சிறிய படைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு 1974க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மொத்தம் 43 படைகள் என்று ஆனது. ஒரு ஊர் மன்றத்துக்கு ஒரு போலீஸ் என்ற கணக்கு போய், ஒரு போலீஸ் படைக்குக் கீழே பல மன்றங்கள். ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே தூரம் கூடிவிட்டது.

அந்தத் தூரத்தின் விலை 1981 ஏப்ரலில் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் தெரிந்தது. வழிப்பறியைக் குறைக்கப் போகிறோம் என்று மாநகர போலீஸ் 'ஸ்வாம்ப் 81' என்று ஒரு நடவடிக்கையைத் தொடங்கியது. சாதாரண உடையில் இருந்த போலீஸார் ஒரு வாரம்கூட ஆகாத காலத்தில் 943 பேரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். கைதானவர்கள் 118 பேர். அதாவது எட்டுப் பேரில் ஏழு பேரை நிறுத்தி, ஒன்றும் இல்லை என்று போகச் சொன்னார்கள். நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். நடவடிக்கைக்கு முன் உள்ளூர்த் தலைவர்களிடம் யாரும் கலந்து பேசவில்லை. ஏப்ரல் 10 முதல் 12 வரை பிரிக்ஸ்டன் எரிந்தது.

விசாரித்த ஸ்கார்மன் பிரபு அந்த வருஷம் நவம்பரில் கொடுத்த அறிக்கை, போலீஸின் தவறோடு வேலையின்மை, மோசமான குடியிருப்பு, இன ஒதுக்கல் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசியது. போலீஸ் உள்ளூர் மக்களிடம் கலந்து பேசுவதைச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்றது. 1984இல் அது சட்டமாகவும் ஆனது. ஆனால் கலந்து பேசுவது வேறு, சேர்ந்து வேலை பார்ப்பது வேறு. கூட்டம் போட்டு, டீ குடித்து, புகாரைக் கேட்டுவிட்டுக் கிளம்பிப் போவதையும் கலந்து பேசினோம் என்று பதிவு செய்துகொள்ளலாம்.

*

சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்பதைக் காட்டியது ஒரு சின்ன இடம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல், அதில் கிர்க்ஹோல்ட் என்று கவுன்சில் கட்டிய ஒரு குடியிருப்பு. சுமார் 2,280 வீடுகள். 1980களின் நடுவில் அங்கே ஒரு வருஷத்தில் பதிவான வீட்டுத் திருட்டுகள், ஏறத்தாழ நான்கு வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தன. குற்றவியல் ஆய்வாளர் கென் பீஸும் அவரோடு இருந்தவர்களும் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். திருட்டுக் கொடுத்தவர்கள், அக்கம்பக்கத்தார், பிடிபட்ட திருடர்கள் என்று எல்லோரிடமும் போய்ப் பேசினார்கள்.

இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் வரும் மீட்டர்கள் அந்த வீடுகளில் இருந்தன. ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்குள்ளேயே ஒரு உண்டியல் பூட்டி வைத்த மாதிரி. திருட்டுகளில் ஏறக்குறைய பாதியில் அந்த உண்டியலைத்தான் உடைத்திருந்தார்கள். இரண்டாவது, ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மறுபடி திருட்டுப் போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்த இரண்டு விஷயமும் ஏற்கெனவே எங்கோ இருந்தவைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மீட்டர் உடைந்தது மின்வாரியத்துக்கும் எரிவாயு வாரியத்துக்கும் தெரியும். எந்த வீட்டுக் கதவு ஒரு உதைக்குத் தாங்காது என்பது வீட்டைக் கட்டிய கவுன்சிலுக்குத் தெரியும். எந்த வீட்டில் இரண்டாவது முறை திருட்டு என்பது போலீஸ் பதிவேட்டில் இருக்கும், ஆனால் இரண்டு தனித்தனி எண்களாக இருக்கும். நான் தரவுத்தளங்களோடு பிழைப்பு நடத்துகிறவன். இந்த நோய் எனக்கு நன்றாகத் தெரியும். சம்பவத்துக்கு ஒரு எண் கொடுக்கும் அமைப்பு, ஆளுக்கு ஒரு எண் கொடுக்காவிட்டால், அந்த ஆளின் கதை அதில் இருக்கவே இருக்காது. ஒவ்வொரு புகாரும் திறக்கப்பட்டு, கவனிக்கப்பட்டு, மூடப்பட்டிருக்கும். அறிக்கை பச்சை நிறத்தில் இருக்கும்.

கிர்க்ஹோல்ட்டில் காசு மீட்டர்களைக் கழற்றினார்கள். திருட்டுப் போன வீட்டுக்கு உடனே போய்ப் பூட்டையும் கதவையும் பலப்படுத்தினார்கள். சுற்றியுள்ள ஆறேழு வீட்டுக்காரர்களிடம், இந்த வீட்டை கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் திருட்டுகள் ஏறத்தாழ முக்கால்வாசி குறைந்தன. போலீஸ், கவுன்சில், மின்வாரியம், சிறையிலிருந்து வந்தவர்களைக் கண்காணிக்கும் துறை எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. யாருக்கும் புதிய அதிகாரம் எதுவும் தரவில்லை. யார் மேசையில் எது கிடக்கிறது என்பதை மட்டும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தார்கள்.

1991இல் ஜேம்ஸ் மார்கன் தலைமையிலான குழு இந்த மாதிரி அனுபவங்களை வைத்து ஒரு அறிக்கை எழுதியது. 'குற்றத் தடுப்பு' என்ற சொல் போதாது, அது கேட்டவுடன் போலீஸ் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள், 'சமூகப் பாதுகாப்பு' என்று சொல்லுங்கள் என்றது. உள்ளாட்சிகளுக்கு இதைச் சட்டக் கடமையாக்குங்கள் என்றும் சொன்னது. அப்போதைய கன்சர்வேட்டிவ் அரசாங்கம் கவுன்சில்களுக்கு அதிகாரம் தரும் மனநிலையில் இல்லை. அறிக்கை கிடப்பில் போனது.

லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தபின் 1998இல் 'குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம்' நிறைவேறியது. கவுன்சிலும் போலீஸும் இணைந்து தங்கள் பகுதியின் குற்ற நிலையைத் தணிக்கை செய்ய வேண்டும், மூன்று வருஷத் திட்டம் போட வேண்டும், அதை மக்களிடம் வெளியிட வேண்டும். இதற்காக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 376 கூட்டமைப்புகள் உருவாயின. பிறகு தீயணைப்புத் துறையும் சுகாதாரத் துறையும் அவற்றில் சேர்ந்தன. இந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. உள்ளாட்சி தன் எல்லா வேலைகளையும், அவற்றால் குற்றம் கூடுமா குறையுமா என்ற கவனத்தோடு செய்ய வேண்டும் என்கிறது அது. பூங்கா, வீட்டு ஒதுக்கீடு, கட்டட அனுமதி, மதுக்கடை உரிமம், எதுவானாலும். எட்வர்ட் அரசரின் புதர் திரும்பி வந்துவிட்டது. 115ஆவது பிரிவு தகவலைப் பகிர்ந்துகொள்ளச் சட்ட அனுமதி கொடுத்தது. அனுமதிதான், கட்டாயம் இல்லை. அந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகத் தெரிந்தது.

நன்றாக நடந்த இடங்களில் இது எவ்வளவு நன்றாக நடந்தது என்பதற்கு வேல்ஸின் தலைநகர் கார்டிஃப் சாட்சி. ஜொனதன் ஷெப்பர்ட் முகத்தாடை அறுவை மருத்துவர். பப்பில் உடைந்த கண்ணாடி டம்ளரால் கிழிந்த முகங்களைத் தைப்பது அவர் வேலை. அவசர சிகிச்சைக்கு வருகிற அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். குடித்துவிட்டுச் சண்டை போட்டவன் ஸ்டேஷனுக்குப் போகமாட்டான், தையல் போட மட்டும் வருவான். அதனால் மருத்துவமனை வரவேற்பு மேசையில் மூன்று கேள்விகள் சேர்த்தார்கள்: எங்கே நடந்தது, எப்போது, எதனால் அடித்தார்கள். பெயரை எடுத்துவிட்டு இந்தத் தகவலை மட்டும் போலீஸுக்கும் கவுன்சிலுக்கும் கொடுத்தார்கள். அதை வைத்து ரோந்து நேரம் மாறியது, உரிமம் வழங்குவதில் கண்டிப்பு வந்தது, பப்கள் நிறைந்த தெருவில் வண்டிகள் நிறுத்தப்பட்டன, உடைந்தாலும் கிழிக்காத டம்ளர்கள் வந்தன. 2011இல் வெளியான ஆய்வு, கார்டிஃபை அதே மாதிரியான பதினான்கு நகரங்களோடு ஒப்பிட்டு, வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்வது ஒப்பீட்டளவில் 42 சதவீதம் குறைந்தது என்றது. பெயரே தேவைப்படாத தகவல் எத்தனை முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது!

*

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் இது ஒரு அரசாங்கப் பிரசுரம் ஆகிவிடும். 376 கூட்டமைப்புகள் இருந்த அதே நாட்டில்தான் பின்வரும் மூன்றும் நடந்தன.

2007 அக்டோபரில் லெஸ்டர்ஷரில் ஒரு தாயும், உடல்ரீதியாகவும் அறிவுரீதியாகவும் சவால்கள் கொண்ட அவருடைய பதினெட்டு வயது மகளும் இறந்தார்கள். தாய்தான் இருவரின் உயிரையும் முடித்துக்கொண்டார். தெருவில் இருந்த இளைஞர்கள் பல வருஷமாக அந்த வீட்டின் மேல் கல் எறிந்து, கூச்சலிட்டு, கேலி செய்து வந்திருக்கிறார்கள். அந்தத் தாய் பத்து வருஷத்தில் 33 முறை போலீஸைத் தொடர்புகொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அது தனிச் சம்பவமாகப் பார்க்கப்பட்டது. போலீஸிடம் ஒரு கோப்பு, கவுன்சிலிடம் ஒரு கோப்பு, சமூகநலத் துறையிடம் ஒரு கோப்பு. 2009இல் மரண விசாரணை ஜூரி, போலீஸும் கவுன்சில்களும் செயல்படத் தவறியது அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று சொன்னது. கிர்க்ஹோல்ட்டில் கற்ற பாடம், ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிற ஆபத்தை ஒரே கதையாகப் பார் என்பது, இருபது வருஷம் பழையது. தகவலைப் பகிரச் சட்டம் அனுமதித்திருந்தது. பகிர வேண்டியது யார் வேலை என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது, பர்மிங்ஹாம். 2010இல் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் ஆகிய, முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளில் கம்பங்கள் முளைத்தன. மொத்தம் 218 கேமராக்கள், அவற்றில் 72 கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டவை. நகரத்தின் பாதுகாப்புக் கூட்டமைப்பின் பெயரில், திருட்டும் ரௌடித்தனமும் குறையும் என்று சொல்லி வந்த திட்டம். பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. விஷயம் வெளியானதும் மக்கள் கொதித்தார்கள். கேமராக்கள் பையால் மூடப்பட்டன. இன்னொரு போலீஸ் படையின் தலைவர் சாரா தார்ன்டன் நடத்திய ஆய்வு, மக்களிடம் வெளிப்படையாக இல்லாததைக் கடுமையாகக் கண்டித்தது. ஒருமுறைகூட இயக்கப்படாமலே 2011இல் கேமராக்கள் கழற்றப்பட்டன. பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொள் என்று கேட்ட அதே 'சமூகப் பாதுகாப்பு', பக்கத்து வீட்டையே சந்தேகிக்கும் கருவியாக எவ்வளவு சுலபமாக மாறிவிடுகிறது! கார்டிஃபில் பெயரை எடுத்துவிட்டுத் தகவலைக் கொடுத்தார்கள். இங்கே ஒரு சமூகத்தின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு தகவலைத் தேடினார்கள்.

மூன்றாவது, ராதர்ஹாம். 2014 ஆகஸ்டில் பேராசிரியர் அலெக்சிஸ் ஜே கொடுத்த அறிக்கை, 1997க்கும் 2013க்கும் நடுவே அந்த ஊரில் குறைந்தபட்சம் சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று மதிப்பிட்டது. இது யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. 2002, 2003, 2006 ஆகிய வருஷங்களில் உள்ளூரிலேயே எழுதப்பட்ட மூன்று அறிக்கைகள் நிலைமையைத் தெளிவாகச் சொல்லியிருந்தன. முதலாவதை அமுக்கினார்கள், மற்ற இரண்டையும் பொருட்படுத்தவில்லை. குழந்தைகளை ஏற்றிப்போன டாக்ஸிகளுக்கு உரிமம் கொடுப்பது கவுன்சில். புகாரை வாங்க வேண்டியது போலீஸ். குற்றவாளிகளில் பலர் பாகிஸ்தானியப் பின்னணி கொண்டவர்கள் என்பதால் இனவாதி என்ற பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கம் ஒருபக்கம். பாதிக்கப்பட்ட சிறுமிகளை ஏழைகள், அடங்காதவர்கள் என்று போலீஸே அலட்சியமாகப் பார்த்தது இன்னொரு பக்கம். இரண்டு அமைப்பும் ஒன்றாக உட்கார்ந்த கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. 2015இல் அரசாங்கம் அந்தக் கவுன்சிலின் நிர்வாகத்தையே ஆணையர்களிடம் ஒப்படைத்தது.

பிரிக்ஸ்டனில் கவுன்சிலும் போலீஸும் பேசிக்கொள்ளாதது பிரச்சினை. ராதர்ஹாமில் பேசிக்கொண்டார்கள், ஆனால் இருவரும் சேர்ந்து மௌனமாக இருந்தார்கள். இரண்டு துறை சேரும்போது பொறுப்பு இரண்டு மடங்காகும் என்று எதிர்பார்க்கிறோம். நடைமுறையில் அது பாதியாகிவிடவும் முடியும். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர்களும், இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களும்.

*

அப்படியானால் பழையபடி போலீஸைக் கவுன்சிலின் கையில் கொடுத்துவிடலாமா? நாட்டிங்ஹாமை மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும். கவுன்சிலர் மீதே விசாரணை வந்தால் அந்த போலீஸ் என்ன செய்யும்? போலீஸ் முழுக்கத் தனியாகவே இருக்கட்டும் என்றால் பிரிக்ஸ்டன் இருக்கிறது. 2012 முதல் ஒவ்வொரு பகுதிக்கும் போலீஸைக் கேள்வி கேட்க ஒரு ஆணையரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையையும் கொண்டுவந்து பார்த்தார்கள். முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர்.

இந்த வரலாற்றில் எனக்கு உருப்படியாகத் தெரிவது அதிகம் பேசப்படாத ஒரு சின்ன விதி. லெஸ்டர்ஷர் மரணங்களின் அதிர்ச்சிக்குப் பிறகு, 2014இல் வந்த சட்டத்தில் அதைச் சேர்த்தார்கள். தொல்லைக்கு ஆளாகும் ஒருவர், என் புகார்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்டால், கவுன்சிலும் போலீஸும் மற்றவர்களும் ஒன்றாக உட்கார்ந்து அதை ஒரே கோப்பாக மறுஆய்வு செய்தே ஆக வேண்டும். எத்தனை புகாருக்குப் பிறகு என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்யலாம், ஆனால் ஆறு மாதத்தில் மூன்று என்பதைத் தாண்டக் கூடாது. முடிவை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லா ஊரிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தைக் கூட்டும் அதிகாரத்தை முதன்முறையாகப் புகார் கொடுப்பவர் கையில் வைத்தது இது. அதுவரை கூட்டம் எப்போது, எதைப் பற்றி என்பதை எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள்.

நம் ஊரில் தெருவிளக்கு மாநகராட்சியிடமும் ரோந்து போலீஸிடமும் இருக்கிறது. இருட்டான பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணுக்கு நடந்த தொல்லை ஸ்டேஷனில் ஒரு எண், அந்த விளக்கு எரியாதது மாநகராட்சியில் வேறொரு எண். இரண்டும் ஒரே இடம் என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நாடு முழுக்கக் கேமரா கம்பங்கள் முளைக்கும் இந்த நாட்களில், கூட்டு முயற்சி, ஒருங்கிணைந்த மையம் என்ற சொற்களை இனி நாம் நிறையக் கேட்கப் போகிறோம். கேட்கும்போது திரையின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் விசாரித்துவிட்டு நின்றுவிடக் கூடாது. அந்தப் பெண் கூப்பிட்டால் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் கடமை யாருக்கு, பார்க்காவிட்டால் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஆள் யார் என்று கேட்க வேண்டும். 1285இல் அந்த ஆள் யார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. புதர் யார் நிலத்தில் இருந்ததோ அவர்.